பல்கலைக்கழகங்கள் ஒண்ணா சேர்ந்து இ-ஜர்னல் லைசென்ஸுக்கு பேரம் பேசுறதால உண்மையிலேயே பலன் இருக்கா?

கேள்வி கேட்டவர் ஒரு உதவிப் பேராசிரியர். அவங்க பல்கலைக்கழக லைப்ரரி கமிட்டில இவரை புதுசா போட்டிருக்காங்களாம், "ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சு, இனிமே கமிட்டி பேச என்ன இருக்கு, சேர்ந்து வாங்கினா விலை குறையும்னு சொல்றாங்களே அது நெஜமா"ன்னு கேட்டிருக்கார். (ஒரே நாடு ஒரே சந்தாங்கிறது, அரசு நிறுவனங்க எல்லாத்துக்கும் சேர்த்து மத்திய அரசே ஜர்னல் சந்தா கட்டுற திட்டம், விவரம் கீழ வருது.)

குறையும் சார், நெஜம்தான். ஆனா 19 வருஷமா ஒரு மாநில பல்கலைக்கழக நூலகத்துல வேலை பாக்குறேன், அதுல பாதிக்கு மேல இ-ரிசோர்ஸ் செக்ஷன்லதான், நான் பார்த்த வரைக்கும் விலையை விட பெரிய விஷயம் லைசென்ஸ் பேப்பர்ல இருக்கிற வரிங்க. தனியா போற யுனிவர்சிட்டி அந்த பேப்பர்ல ஒரு கமாவை கூட மாத்த முடியாது.

எங்க லைப்ரரில நடந்ததை சொல்றேன். கெமிஸ்ட்ரில பி.எச்.டி பண்ற ஒரு பொண்ணு, தீசிஸ் சப்மிட் பண்ண மூணு வாரம்தான் இருக்கு, ஹாஸ்டல் நெட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, அதனால கிடைக்கிறப்பவே எடுத்து வெச்சுக்கலாம்னு ஏதோ ஒரு டவுன்லோடர் டூல் போட்டு ஒரு ஜர்னலோட பழைய வால்யூம் எல்லாத்தையும் ஒரே ராத்திரில இறக்கிட்டா. அது லைசென்ஸுக்கு விரோதம்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல, நாங்களும்தான் சொல்லல. மறுநாள் காலைல மொத்த கேம்பஸோட ஐ.பி.யையும், அதாவது எங்க நெட் முகவரிகள் எல்லாத்தையும், பப்ளிஷர் பிளாக் பண்ணிட்டாங்க. ஒரு பொண்ணு பண்ணதுக்கு மொத்த யுனிவர்சிட்டிக்கும் கதவு சாத்தியாச்சு, ஏஜென்டுக்கு போன் போட்டா "நான் ஆர்டர் எடுத்து இன்வாய்ஸ் போடுறவன்தான் மேடம், லைசென்ஸ் உங்களுக்கும் அவங்களுக்கும்தான்"ங்கிறார். ஒன்பது நாள் ஆச்சு திறக்க. அந்த ஒன்பது நாள்ல ஃபைலை எடுத்து ஒப்பந்தத்தை முதல் முறையா முழுசா படிச்சேன், முன்னறிவிப்பு இல்லாம நிறுத்தலாம்னு தெளிவா போட்டிருக்கு, வழக்குன்னு போனா வெளிநாட்டு கோர்ட்ல, நாம எழுதிக் கொடுத்து நிறுத்தலன்னா தானாவே ரினியூ ஆகும், எல்லாத்துக்கும் கீழ நம்ம பதிவாளர் கையெழுத்து.

அதே வருஷம் கன்சார்ட்டியம், அதாவது பல நிறுவனங்க சேர்ந்து வாங்குற கூட்டமைப்பு, வழியா வந்த இன்னொரு பப்ளிஷரோட லைசென்ஸையும் எடுத்து பக்கத்துல வெச்சு பார்த்தேன். அதுல முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும், சரி பண்ண டைம் கொடுக்கணும், பிளாக் பண்ணாலும் அந்த ஒரு ஐ.பி.யை மட்டும்தான் பண்ணணும்னு இருந்துது. பல நூறு நிறுவனங்க சார்பா யாரோ ஒருத்தர் டேபிள்ல உக்காந்து அந்த வரியை மாத்துன்னு கேட்டிருக்காங்க, அவங்களும் மாத்திருக்காங்க. சேர்ந்து பேசுறதுன்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அன்னைக்குதான்.

இப்ப விலைக்கு வரேன். தக்காளி ஒரு கடைல ஜாஸ்தின்னா அடுத்த கடைக்கு போறோம். ஜர்னலுக்கு அடுத்த கடையே கிடையாது, ஒரு கட்டுரை ஒரே ஒரு ஜர்னல்லதான் வந்திருக்கும், அது வேணும்னா அங்கதான் போகணும். 1990கள்ல ஆன்லைன் வந்தப்போ பப்ளிஷர்ங்க தனித்தனியா விக்கிறதை குறைச்சிட்டு மொத்த ஜர்னலையும் ஒரே கட்டா கொடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு பேர் பிக் டீல். விலை எப்படி போட்டாங்கன்னா, நீங்க காகித காலத்துல எவ்வளவு செலவு பண்ணீங்களோ அதை அடிப்படையா வெச்சு, மேல வருஷா வருஷம் இத்தனை சதவீதம்னு ஏத்தி. அதாவது 90கள்ல உங்க யுனிவர்சிட்டி கை தாராளமா வாங்கியிருந்தா இன்னிக்கு வரைக்கும் அதுக்கான தண்டனையை கட்டிட்டு இருக்கீங்க. பக்கத்து யுனிவர்சிட்டி எவ்வளவு கட்டுதுன்னு உங்களுக்கு தெரியாது, ஏன்னா விலையை வெளிய சொல்லக்கூடாதுன்னு லைசென்ஸ்லயே ஒரு ஷரத்து இருக்கும்.

இந்த ரகசியத்தை உடைச்சது அமெரிக்காவுல சில பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், டெட் பெர்க்ஸ்ட்ராமும் கூட சிலரும். அரசு பல்கலைக்கழகங்கள் கிட்ட தகவல் உரிமை சட்டம் மாதிரி அங்க இருக்கிற மாநில சட்டங்களை வெச்சு ஒப்பந்தங்களை கேட்டு வாங்கினாங்க. வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி கொடுக்க கூடாதுன்னு எல்சேவியர்ங்கிற பெரிய ஜர்னல் பப்ளிஷர் 2009ல கோர்ட்டுக்கே போச்சு, தோத்துது. 2014ல வெளியான அவங்க கட்டுரைல பார்த்தா, 2009ல கிட்டத்தட்ட ஒரே அளவு எல்சேவியர் கட்டுக்கு மிச்சிகன் யுனிவர்சிட்டி கட்டினது 21.6 லட்சம் டாலர், விஸ்கான்சின் மேடிசன் கட்டினது 12.2 லட்சம் டாலர். ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ் யுனிவர்சிட்டிங்க. அதே 2014ல பிரிட்டன்ல கணித மேதை டிம் கவர்ஸ் தகவல் சுதந்திர சட்டத்துல கேட்டு வாங்கினதுல, எல்சேவியருக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் கட்டினது 13 லட்சம் பவுண்டுக்கு மேல, எக்ஸெட்டர் யுனிவர்சிட்டி சுமார் 2.3 லட்சம் பவுண்டு.

பிரிட்டன் விஷயத்துல ஒண்ணு கவனிங்க, அங்க பேரம் பேசினது ஜிஸ்க்ங்கிற பொது அமைப்பு, எல்லா யுனிவர்சிட்டிக்கும் சேர்த்துதான் பேசுனாங்க, அப்படியும் இவ்வளவு வித்தியாசம். ஏன்னா சேர்ந்து பேசுனது ஏத்தம் எத்தனை சதவீதம்ங்கிறதை மட்டும்தான், பழைய காகித கணக்குங்கிற அஸ்திவாரத்தை தொடல. அதனால சேர்ந்தாச்சுன்னு மட்டும் நினைச்சு நிம்மதி ஆகக்கூடாது, எதைப் பத்தி சேர்ந்து பேசுறோம்ங்கிறது முக்கியம்.

ரெண்டாவது, எழுந்து வர தயாரா இருக்கணும். இது இல்லாம எத்தனை பேர் சேர்ந்தாலும் பிரயோஜனம் இல்ல, எனக்கு இதுல சந்தேகமே கிடையாது. ஜெர்மனியை எடுத்துக்கோங்க. டீல்னு ஒரு கூட்டணி, நாட்டோட பல்கலைக்கழகங்க, ஆராய்ச்சி நிறுவனங்க எல்லாருக்குமா சேர்த்து 2016ல எல்சேவியரோட பேச ஆரம்பிச்சாங்க. அவங்க கேட்டது, நாடு முழுக்க ஒரே ஒப்பந்தம், எங்க ஆளுங்க எழுதுறது எல்லாம் யார் வேணா இலவசமா படிக்கிற மாதிரி இருக்கணும், விலை எத்தனை கட்டுரை எழுதுறோமோ அதை வெச்சுதான். ஒத்து வரல. 2017 முடிவுல கிட்டத்தட்ட 200 நிறுவனங்க ரினியூ பண்ணாம விட்டாங்க, 2018 ஜூலைல பேச்சு நின்னுபோச்சு, ஆக்சஸும் கட். அதுக்கப்புறம் அஞ்சு வருஷம். ஜெர்மன் ஆராய்ச்சி செத்துப் போகல, பழைய வருஷத்து இதழ்களுக்கு நிரந்தர உரிமை வெச்சிருந்தாங்க, மத்த நூலகத்துல இருந்து வரவழைச்சாங்க, ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடி எழுதினவங்களே நெட்ல இலவசமா போடுற ப்ரீபிரிண்ட் படிச்சாங்க, எழுதினவருக்கே மெயில் போட்டு கேட்டாங்க. நடுவுல 2019ல வைலி, 2020ல ஸ்பிரிங்கர் நேச்சர் ரெண்டும் கையெழுத்து போட்டுது, ஒரு கட்டுரைக்கு 2,750 யூரோ. கடைசில 2023 செப்டம்பர்ல எல்சேவியரும் வந்துது, பெரும்பாலான ஹைபிரிட் ஜர்னலுக்கு (சந்தா கட்டுரையும் இலவச கட்டுரையும் கலந்து வர்றது) ஒரு கட்டுரைக்கு 2,550 யூரோ. அஞ்சு வருஷம் கழிச்சு வந்தவங்ககிட்ட முன்னாடி வந்தவங்களை விட கம்மி ரேட் வாங்கியிருக்காங்க பாருங்க.

கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியும் அப்படித்தான். 10 கேம்பஸ், அமெரிக்க ஆராய்ச்சி கட்டுரைல கிட்டத்தட்ட 10 சதவீதம் அவங்களோடது. 2019 பிப்ரவரி 28 அன்னைக்கு எல்சேவியர் பேச்சை முறிச்சுட்டு எழுந்தாங்க, ஜூலைல ஆக்சஸ் போச்சு. இங்க எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா நூலகர்ங்க தனியா நிக்கல. ஆகஸ்ட் மாசம் 30 பேருக்கு மேல பேராசிரியர்ங்க எல்சேவியரோட செல் பிரஸ் ஜர்னல்களோட எடிட்டோரியல் போர்டு வேலையை நிறுத்தி வெச்சாங்க, ஒப்பந்தம் வர்ற வரைக்கும் பண்ண மாட்டோம்னு. 2021 மார்ச்ல ஒப்பந்தம் வந்துது, படிக்கிறதுக்கும் பப்ளிஷ் பண்றதுக்கும் சேர்த்து. இன்னொண்ணு, ஜெர்மனிக்காரங்களும் சரி கலிஃபோர்னியாவும் சரி, ஒப்பந்தத்தை பொதுவுல போட்டாங்க, நானே டவுன்லோட் பண்ணி படிச்சிருக்கேன், நம்ம ஃபைல்ல இருக்கிறதுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்னு மனசு கனத்துப் போச்சு.

நம்ம நாட்டுல சேர்ந்து வாங்குறது புதுசு இல்ல. 2003ல ஐ.ஐ.டி. டெல்லியை தலைமையா வெச்சு இன்டெஸ்ட்ங்கிற கன்சார்ட்டியம், அதே வருஷம் டிசம்பர்ல யு.ஜி.சி. இன்ஃபோநெட் டிஜிட்டல் லைப்ரரி கன்சார்ட்டியம், அதை தொடங்கி வெச்சது அப்ப ஜனாதிபதியா இருந்த அப்துல் கலாம் ஐயா. 2015ல இந்த ரெண்டையும், கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் திட்டத்தையும் சேர்த்து இ-சோத்சிந்துன்னு ஒரே கன்சார்ட்டியம் ஆக்குனாங்க. 2024 நவம்பர் 25 அன்னைக்கு மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு ஒப்புதல் கொடுத்துது, 2025, 2026, 2027 மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300க்கு மேல நிறுவனங்க, 1.8 கோடி பேர். வகுத்துப் பார்த்தா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம் ரூபாய். காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்லிப்நெட்ங்கிற யு.ஜி.சி. மையம்தான் நடத்துது.

இதை நான் மனசார வரவேற்கிறேன். ஒரு தாலுகா ஊர்ல இருக்கிற அரசு கலைக் கல்லூரில எம்.எஸ்ஸி படிக்கிற பையனுக்கு ஐ.ஐ.டி.ல இருக்கிறவனுக்கு கிடைக்கிற அதே ஜர்னல் கிடைக்குது, இதை பத்து வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். தனியார் கல்லூரிங்க முதல் கட்டத்துல இல்லாதது வருத்தம்தான், நம்ம ஊர்ல பாதி பசங்க அங்கதான் படிக்கிறாங்க.

ஆனா என் பயம் 2027 டிசம்பர் 31. அன்னைக்கு ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள என்ன ஆகும்னா, ஜர்னல்தான் டெல்லில இருந்து வருதேன்னு யுனிவர்சிட்டிங்க அந்த பட்ஜெட் தலைப்பையே எடுத்துடும். எங்க ஃபைனான்ஸ்ல ஏற்கனவே கேட்டுட்டாங்க. ஒருதடவை எடுத்தா திரும்ப வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு லைப்ரரில இருக்கிறவங்களுக்கு தெரியும். அப்புறம் 2027ல பப்ளிஷர் விலையை ஏத்திக் கேட்டா டேபிள்ல உக்காந்திருக்கிறவர் எதை நம்பி எழுந்து வருவார், 1.8 கோடி பேர் ஒரே நாள்ல ஆக்சஸ் இல்லாம நிப்பாங்கன்னா எழுந்து வர முடியுமா. பெரிய கூட்டம்ங்கிறது பலம்தான், அதே கூட்டம் இது இல்லன்னா வேற வழியே இல்லன்னு ஆயிட்டா அதுவே பலவீனம்.

அதனால கமிட்டில உங்களுக்கு வேலை இல்லன்னு நினைக்காதீங்க சார். முதல்ல பழைய ஒப்பந்தங்க எல்லாத்தையும் லைப்ரரியன்கிட்ட கேட்டு வாங்கி படிங்க, நீங்க காசு கட்டின வருஷங்களுக்கு சந்தா நின்ன பிறகும் படிக்கிற உரிமை இருக்கான்னு பாருங்க, இருந்தா அது உங்க சொத்து, எழுதிக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. எங்க ஸ்டாக் ரூம்ல 1970கள்ல பைண்ட் பண்ண வால்யூம்ங்க இன்னிக்கும் இருக்கு, யாரும் வந்து பிடுங்க முடியாது, டிஜிட்டல்ல அந்த உரிமையை காகிதத்துல எழுதி வாங்கலன்னா காசு கட்டின பத்து வருஷமும் ஒரே நாள்ல காணாம போகும். ஒரே நாடு ஒரே சந்தாவுல வராத டேட்டாபேஸ், இ-புக் எல்லாம் இன்னமும் நீங்களேதான் வாங்குவீங்க, அங்க பக்கத்து நாலு யுனிவர்சிட்டியை சேர்த்துக்கிட்டு ஏஜென்டை கூப்பிடுங்க. விலையை வெளிய சொல்லக்கூடாதுங்கிற ஷரத்துல கையெழுத்து போடாதீங்க, நாலு பேரும் போடலன்னா அவங்க இறங்கி வருவாங்க, ஒருத்தர் மட்டும் போடலன்னா வர மாட்டாங்க. நோட்டீஸ் இல்லாம பிளாக் பண்ற வரியையும், தானா ரினியூ ஆகுற வரியையும் அடிச்சுடுங்க. இப்ப புதுசா ஏ.ஐ. டூல்ல கட்டுரையை போடக்கூடாதுன்னு விரிவா ஷரத்து வருது, டெக்ஸ்ட் மைனிங், அதாவது ஆயிரக்கணக்கான கட்டுரையை கம்ப்யூட்டர் வெச்சு அலசுறது, பண்ற உங்க சொந்த ஆராய்ச்சி மாணவங்களையும் அது தடுக்குதான்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளை கூட வெச்சு படிங்க. அப்புறம் சந்தா ஜனவரி டு டிசம்பர், நம்ம நிதியாண்டு ஏப்ரல் டு மார்ச், இந்த இடைவெளில பணம் லேட் ஆனா எத்தனை நாள் கிரேஸ்னு எழுதி வாங்குங்க, எங்களுக்கு ரெண்டு தடவை மார்ச்ல ஆக்சஸ் போயிருக்கு, பரீட்சை வேல்யூவேஷன் நேரம்ங்கிறதால யாருமே கவனிக்கல, அது வேற வேதனை.

நாங்க இந்த வருஷத்துல இருந்து ஒண்ணு பண்றோம். மாசா மாசம் கவுன்ட்டர் ரிப்போர்ட் எடுத்து வெச்சுக்கிறோம், எந்த ஜர்னல்ல எத்தனை டவுன்லோட்னு, கூடவே ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் "நாளைக்கே எல்லாம் நின்னா எது இல்லாம உங்களால ஒரு வருஷம் கூட ஓட்ட முடியாது"ன்னு கேட்டு லிஸ்ட் வாங்குறோம். 2027ல மேல பேசுறவங்களுக்கு எல்லா யுனிவர்சிட்டியும் இந்த மாதிரி லிஸ்ட் கொடுத்தா எதை விடலாம் எதை விடக்கூடாதுன்னு தெரிஞ்சு பேசலாம்ங்கிற எண்ணம்தான். பிசிக்ஸ்காரங்கதான் முதல்ல கொடுத்தாங்க, ஆர்கைவ்ங்கிற இலவச தளத்துல ப்ரீபிரிண்ட் போடுற, படிக்கிற பழக்கம் இருக்கிறதால அவங்க லிஸ்ட் அரை பக்கம்தான். கெமிஸ்ட்ரில ஆறு பக்கம். எகனாமிக்ஸும் மேனேஜ்மென்ட்டும் இன்னும் தரல, திங்கட்கிழமை மறுபடி போய் கேக்கணும்.