காபி கொட்டியதற்கு இழப்பீடா?

ஒரு மூதாட்டி தானே காபியைக் கொட்டிக்கொண்டு, அதை விற்ற மெக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது அற்பமில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. 1992-இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் விற்ற அந்தக் காபியின் சூடு 82 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த 79 வயது மூதாட்டிக்குத் தோல் ஒட்டு சிகிச்சை தேவைப்பட்டது. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் நீட்டியது 800! அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட சூட்டுக்காயப் புகார்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தன; வழக்கைக் கேலி செய்தவர்கள் அதைச் சொல்வதில்லை.

மூதாட்டியையும் ஜூரிகள் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) விட்டுவிடவில்லை. 20 சதவீதத் தவறு அவருடையது என்று 2 லட்சம் டாலர் இழப்பீட்டை 1.6 லட்சமாகக் குறைத்தார்கள். நிறுவனத்துக்குத் தண்டனையாக அவர்கள் விதித்த 27 லட்சத்தை நீதிபதி 4.8 லட்சமாக்கினார், பிறகு சமரசம்.

அற்ப வழக்குக்கு வேறு ஆள் இருக்கிறார்: சலவைக் கடையில் கால்சட்டை தொலைந்ததாக 5.4 கோடி டாலர் கேட்ட வாஷிங்டன் நிர்வாக நீதிபதி. 2007-இல் தோற்றார்.