தோமா கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,
எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகள் 'உங்கள் உண்மை உங்களுக்கு, எங்கள் உண்மை எங்களுக்கு' என்கிறார்கள். பின்நவீனத்துவம் சபைக்குள் புகுந்துவிட்டதென்று போதகர் மூன்று வாரமாகப் பிரசங்கிக்கிறார். மாறாத சத்தியம் ஒன்று உண்டு என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பின்நவீனத்துவத்தைப் பற்றி எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதாரை வாசிக்க வேண்டுமா?
எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

லியோதாரை வாசிக்காவிட்டால் குடிமுழுகிவிடாது. பெருங்கதையாடல்கள் மேல், அதாவது எல்லாவற்றையும் விளக்கிவிடுவதாகச் சொல்லும் பெரிய கதைகள் மேல், நம்பிக்கை போய்விட்டது என்று அவர் 1979இல் எழுதினார். உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டா வந்திருக்கிறார்கள்? ஏதோ கேட்டிருப்பார்கள், நீங்கள் அதட்டியிருப்பீர்கள். ஆளை விட்டால் போதும் என்று சொன்ன பேச்சு அது.

நானும் கேள்வி கேட்டு அதட்டு வாங்கியவன்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். எது சரி என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டேன். சார் வேதாகமத்தை மூடினார், கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். "இது நீ கேக்கிற கேள்வி இல்ல, சாத்தான் கேக்கிறது" என்றார். ஆராதனை முடியும்வரை வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அன்று மாலை தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் திரும்பினோம். பரங்கிமலை வந்ததும் ஆச்சி ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். "அங்கதாம்ல தோமாவக் குத்திக் கொன்னாங்களாம். அவரு கேக்காம இருந்திருந்தா நமக்கு அந்த வசனம் கெடச்சிருக்குமா?"

யோவான் சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். நீர் போகிற இடத்தையே அறியோமே, வழியை எப்படி அறிவோம் என்று சீடர் தோமா குறுக்கே கேட்கிறார். அதற்கு இயேசு சொன்ன பதில்தான் 'நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்'. உங்கள் கோயில் வாசல் வளைவிலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். தோமாவை யாரும் வெளியே நிற்கவைக்கவில்லை. இயேசுவை விசாரித்த பிலாத்துவும் 'சத்தியமாவது என்ன' என்று கேட்டான். கேட்ட கையோடு எழுந்து வெளியே போய்விட்டான். பிள்ளைகள் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார்களே ஐயா, எழுந்து போவது நீங்கள்தானே?

அதற்காக அவரவர் உண்மை அவரவருக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினவனும் அதையேதான் சொல்வான். சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆட்கள் சபையை விட்டே போனார்கள். மாறாத சத்தியத்தை ஞாயிறுதோறும் பாடியவர்கள்தான். லியோதார் அப்போது பிறக்கவே இல்லை. உங்கள் சபையார் வரன் தேடிக் கொடுக்கும் விளம்பரங்களையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மூன்று வாரப் பிரசங்கத்தில் போதகர் அதைத் தொட்டாரா?

சரி, போதகரை உங்களால் நிறுத்த முடியாது. அடுத்த வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். யாராவது யூதாஸைப் பற்றிக் கேட்டால், தூக்குப் போட்ட கயிறு அறுந்து விழுந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதைச் சொல்லுங்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. ஆனாலும் அன்றைக்கு சார் அதையாவது சொல்லியிருக்கலாம்.