வீட்டுத் தோட்டத்தில் கல்தளம், படி, திண்ணை: வரைபடத்தை எப்படித் தொடங்குவது?

பெங்களூரு வீட்டின் பின்னால் 12க்கு 25 அடி இடம் இருக்கிறது, கல்தளத்தையும் திண்ணையையும் நானே வரையலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரையலாம்.

கிராஃப் தாளில் ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர், கதவு, சம்ப் மூடி, மரம் எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். அப்புறம் மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, இடத்தின் இரண்டு முனையிலும் பிடித்து, டியூபில் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே என்று அளந்து, உயர வித்தியாசத்தைப் பாருங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இங்கே மே மாத இடிமழை அரை மணி நேரம் அடித்தாலே போதும், வாட்டம் (சரிவு) சரியில்லாத தளத்தில் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வீட்டை விட்டு விலகிச் சரியட்டும். சரிவு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி தாளில் இருந்தே ஆக வேண்டும்.

படிக்கு ஆறு அங்குல உயரம், கால் வைக்கும் இடம் ஓர் அடி அகலம். திண்ணைக்கு ஒன்றரை அடி உயரம். கல் என்றால் சாதரஹள்ளிக் கல்தான் (பெங்களூரு பக்கத்துச் சாம்பல் நிறக் கிரானைட்) என் விருப்பம். பாலிஷ் போடாமல் சொரசொரப்பாகவே வாங்குங்கள், மழையில் எளிதில் வழுக்காது.

ஆள் வைக்கும் முன், கோலமாவால் அதே கோடுகளைத் தரையில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் தள்ளி எழுந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நாற்காலியின் பின்கால் கோட்டைத் தாண்டிச் செம்பருத்திப் பாத்திக்குள் இறங்கியது. தளத்தை அந்தப் பக்கம் ஓரடி கூட்டினோம்.