மூட்டு நோவோடு உயர்தரம்: களுவாஞ்சிக்குடித் தாய் ஒருவருக்குப் பதில்

தங்கச்சி, சிறுவர் மூட்டுவாதம் உள்ள மகள் உயர்தரத்துக்குப் பாடம் தெரிய வேண்டும், "அவளுக்கு நோகாத பாடம் எது, கலைப்பிரிவில் விடட்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பாடம் இல்லை. சொல்லப்போனால், மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு உயிரியலை விட வரலாறுதான் கூடுதல் வேலை வைக்கும். பக்கம் பக்கமாக எழுத வேண்டும். விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்து, உயிரியல்தான் வேண்டும் என்று நிற்கிற பிள்ளையை உயிரியலிலேயே விடுங்கள். மாற்ற வேண்டியது படிக்கும் விதத்தை.

உயிரியல், இரசாயனவியலோடு மூன்றாவதாகப் பௌதிகவியலோ விவசாய விஞ்ஞானமோ எடுக்கலாம். டொக்டராக வேண்டும் என்றால் பௌதிகவியல் கட்டாயம். இதை அவளோடு கதைத்து முடிவெடுங்கள்.

எனக்குப் பயம் பாடத்தில் இல்லை, ரியூசனில்தான். பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும் சோற்றை விழுங்கிவிட்டு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு ஓடி, வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவது சுகமான பிள்ளையையே விழுத்திவிடும். மூன்று பாடத்துக்கும் தியரி, பேப்பர் கிளாஸ், ரிவிஷன் என்று ஓடத் தேவையில்லை. அவளுக்குக் கஷ்டமான ஒரு பாடத்துக்கு மட்டும் கிட்டடியில் ஒரு வகுப்பு, மற்றதை ஒன்லைனில் பார்க்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள்.

நோக் குறைந்த நாளில் இரவு பன்னிரண்டு வரை படித்து, அடுத்த இரண்டு நாளும் பாயோடு கிடக்கிறாள் என்றீர்கள். நீண்டகால நோ உள்ளவர்கள் பலர் இந்தச் சுழலில்தான் மாட்டுகிறார்கள். நல்ல நாளிலும் அளவோடு நிறுத்த வேண்டும், கூடாத நாளிலும் கொஞ்சமாவது தொட வேண்டும். நாற்பது நிமிடம் படித்தால் எழும்பி நடக்கட்டும். விடிய நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். இந்த நோயில் காலையில்தான் மூட்டு விறைத்துக் கிடக்கும், அந்த நேரத்தில் பேனை பிடிக்கச் சொல்வது வீண்.

கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனவள் மறுநாள் பாடசாலைக்குப் போகவில்லை, "நடிப்பு" என்று மச்சாள் சொன்னாவாம். நோ ஏறி இறங்கும். அதனால் அது பொய்யாகிவிடாது. அதற்காக நீங்கள் மணிக்கொரு தரம் "நோகுதா மனே?" என்று கேட்கவும் வேண்டாம். கேட்கக் கேட்க அவள் மனமும் அந்த மூட்டையே சுற்றும். "இண்டைக்குப் பள்ளியில என்ன நடந்த?" என்று கேளுங்கள். புதிதாக வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே கிளினிக்தான், அதில் யோசனை வேண்டாம். அங்கே வைத்தியரோடு அவளே கதைக்கட்டும். நாளைக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விடுதியில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

பாடசாலை தொடங்கும்போதே வைத்தியரின் கடிதத்தோடு அதிபரைச் சந்தியுங்கள். உயர்தரம் எழுத 80 வீத வரவு கேட்பார்கள். லீவு சேர்ந்த பிறகு போய் நிற்பதை விட முதலே சொல்லி வைப்பது நல்லது. ஆய்வுகூடத்தில் இருந்து செய்ய ஒரு ஸ்டூல், மேல்மாடி வகுப்பு என்றால் கீழே மாற்றுவது, இதெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியவை. பரீட்சையில் விடையை எழுத வேண்டிய இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். மேலதிக நேரம் வேண்டுமென்றால் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே வைத்திய ஆவணங்களோடு அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். பரீட்சைக்கு முதல் கிழமை ஓடி வருகிற பெற்றோருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி முதல் தடவை நினைத்தபடி வராவிட்டாலும் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுத இடமுண்டு. வீட்டிலிருந்தே பெரும்பகுதியைப் படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதை இப்போதே அவளிடம் நீட்டாதீர்கள், உயிரியலில் நம்பிக்கை இல்லாமல்தான் சொல்கிறீர்கள் என்று நினைப்பாள்.

பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்புவதற்கு முதல் இருவரும் ஒருக்கா வாருங்கள். பேனையை அவளிடம் கொடுங்கள்.