‘கொடுவா’ தேடலில் சிக்காதது ஏன்?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் வழங்கும் மீன் பெயர்களை ஈமேக்ஸ் என்னும் கணினி உரைத்தொகுப்பியில் தொகுத்து வருகிறேன். ‘கொடுவா’ என்று தேடினால் சில இடங்கள் மட்டுமே கிடைக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. பயிற்சி மையத்தில் தந்த தமிழ் உதவிக் குறிப்பில், ‘கம்போஸ்-ரீஜன் கட்டளை தனித்தனிக் குறிகளைக் கோப்பில் ஒரே எழுத்தாக மாற்றிவிடும்’ என்றிருந்ததால் ஒரு சொல்லில் ஓட்டிப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, தேடலும் பலிக்கவில்லை. கோப்பு கெட்டுவிட்டதா? அந்தக் குறிப்பை எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் கோப்பு கெடவில்லை. கம்போஸ்-ரீஜன் திரையில் தெரியும் உருவத்தை மட்டுமே தொடுகிறது. கோப்பில் இருக்கும் எழுத்துகள் இருந்தபடியே இருக்கின்றன. அதனால்தான், அதை ஓட்டிய பிறகும் ‘கோப்பு மாறியுள்ளது’ என்பதற்கான நட்சத்திரக் குறி கீழ்ப்பட்டையில் தோன்றியிருக்காது. கோப்பை மூடித் திறந்தால் ஏறிக்கொண்ட எழுத்துகள் தாமாகவே இறங்கிவிடும்; பொறுமையில்லையென்றால் டிகம்போஸ்-ரீஜன் கட்டளையை அதே இடத்தில் ஓட்டுங்கள். தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வேலையைத் தொகுப்பி தானாகவே செய்துகொள்கிறது என்பதால், உங்கள் பணியில் இந்தக் கட்டளைக்கு இடமே இல்லை.

ஆகவே குறிப்பில் உள்ள வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: ‘தேர்ந்தெடுத்த பகுதியிலுள்ள எழுத்துகளைத் திரையில் ஒரே உருவமாகக் காட்டும், கோப்பிலுள்ள எழுத்துகளை மாற்றாது, சேமிக்கும்போது இந்த அமைப்பு கோப்புடன் செல்லாது.’ கம்போஸ்-ஸ்ட்ரிங், கம்போஸ்-சார்ஸ் ஆகிய இரண்டும் இதே குடும்பம். அவற்றின் விளக்கத்திலும் இதே பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறிப்பைத் தொகுத்தவர் ஒருமுறையாவது அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்த வாக்கியம் அச்சுக்குப் போயிருக்காது. ஒருவர் தாளிலிருந்து அடுத்தவர் தாளுக்குப் பிழையோடு நகலெடுப்பதுதான் நம் பயிற்சி மையங்கள் பலவற்றில் பாடநூலாக்கம் என்ற பெயரில் நடக்கிறது.

இனி, தேடலில் சிக்காத ‘கொடுவா’. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் அட்டவணையில் ‘ொ’ குறிக்கு 3018 என்ற தனி எண் உண்டு. 3014ஆம் எண்ணுள்ள ‘ெ’ குறியையும் 3006ஆம் எண்ணுள்ள ‘ா’ குறியையும் அடுத்தடுத்து இட்டாலும் அதே உருவம்தான் கிடைக்கும். கண்ணுக்கு ஒன்றானாலும் தேடலுக்கு இவை வேறு வேறு, அதனால்தான் சில இடங்கள் சிக்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று அறிய, ‘கொ’வுக்கு அடுத்துச் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள்: ‘க’ மிஞ்சினால் ஒற்றைக் குறி, ‘கெ’ மிஞ்சினால் இரட்டைக் குறி. ‘கோலா’விலும் இதே கதைதான். தீர்வு, கோப்பின் நகல் ஒன்றில் முழுப் பகுதியையும் தேர்ந்தெடுத்து யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்ற கட்டளையை ஓட்டுவது. இது கோப்பின் எழுத்துகளையே மாற்றி, இரட்டைக் குறிகளை ஒற்றையாக்கிவிடும். நட்சத்திரக் குறியும் தோன்றும். புதுச்சேரித் தெருப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் குறித்து வைத்திருந்தால், பிரித்து இடப்பட்ட உச்சிக்குறிகளும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் ‘வௌவால்’ மீன் இந்த வலையில் விழாது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய எழுத்துருக் காலத்தில் ‘ௌ’ குறியின் வலப்பக்கத் துண்டுக்கு ‘ள’ எழுத்தையே தட்டிப் பழகியவர்கள் ஏராளம். அப்படித் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றினால் ‘வெ’, ‘ள’ என்று இரு வேறு எழுத்துகளாகத்தான் வந்து நிற்கும். அந்தச் சேர்க்கை ‘ௌ’ குறிக்குச் சமம் என்று யூனிகோடு ஏற்கவில்லை, ஏற்கவும் போவதில்லை. எனவே மேற்சொன்ன கட்டளை அதைத் தொடாது. சரி, ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று ஒரே வீச்சில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் ‘கெளுத்தி’ சிதைந்துவிடும். ‘வெள்ளி’, ‘தெளிவு’ எல்லாம் உடன் சிதையும். ‘ள’வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ளகரம், கைவைக்காதீர்கள், அடுத்து நேராக வேறொரு எழுத்து வந்தால் சந்தேகத்துக்குரியது. கேட்டுக் கேட்டு மாற்றும் கொயரி-ரிப்ளேஸ் கட்டளையை வைத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ‘ஒளவை’, ‘ஒளடதம்’ என்று சொல்லின் முதலில் வருபவற்றுக்கும் இதே சோதனைதான். அங்கே ‘ஒளி’யைக் காப்பாற்ற வேண்டும்.

இந்த வேலையைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொள்ளும் தட்டச்சுக் கடைக்காரர்களிடமும் இடைத்தரகர்களிடமும் கோப்பை ஒப்படைக்காதீர்கள். அவர்களில் பலர் செய்வது மேலே நான் வேண்டாம் என்ற அந்த ஒரே வீச்சு மாற்றம்தான். திரும்பி வரும் கோப்பில் எந்தச் சொல் சிதைந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, அச்சாகி வந்த பிறகே உங்களுக்கும் தெரியும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ‘கெளுத்தி’யும் ‘வெளவா’லும் உள்ள ஒரு பக்கத்தை முதலில் கொடுத்துச் சோதியுங்கள், மூலக் கோப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய எழுத்துருவில் தட்டிக் கொண்டுவந்தால்தான் வாங்குவோம் என்னும் மேசைகள் இன்னும் இருப்பதால்தான் இந்தக் கடைகளுக்கு வியாபாரம் குறையவில்லை.

குறிப்பைத் திருத்துவது பற்றிக் கடைசியாக ஒன்று. பிழை தமிழ்க் குறிப்பில் மட்டும் இருந்தால், பழைய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் அருகருகே எழுதி, மீன் பெயரை வைத்து நீங்கள் செய்த சோதனையையும் சேர்த்து மையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் அடுத்த அணிக்கும் பழைய தாளே போகும். தொகுப்பியோடு வரும் மூல விளக்கத்திலேயே பிழை கண்டால், அதற்குள்ளேயே ரிப்போர்ட்-ஈமேக்ஸ்-பக் என்ற கட்டளை இருக்கிறது. அதைத் திறந்து, பதிப்பெண்ணோடு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பலாம். சுமார் 15 வரிகளுக்குள் அடங்கும் திருத்தத்துக்கு பதிப்புரிமையை மாற்றித் தரும் பத்திரம் எதிலும் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. ‘நான் சேர்த்துத் தருகிறேன்’ என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.