மோனியர் வில்லியம்ஸ் அகராதியை நம்பலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு சமஸ்கிருதம் படிக்கிறேன். மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி வாங்கினேன். பாதிச் சொற்கள் அகப்படவே மாட்டேன் என்கின்றன. மதமாற்றத்துக்காகத் தொகுத்தது, நம்பாதீர்கள் என்கிறார் நண்பர். இன்னொரு சமஸ்கிருத-ஆங்கில அகராதியான ஆப்தேக்கு மாறிவிடட்டுமா?

பதில்: மாற வேண்டாம். நண்பர் சொல்வதில் உண்மை உண்டு, மறைப்பதற்கில்லை. 1819-இல் பம்பாயில் பிறந்த மோனியர் வில்லியம்ஸ் 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 'போடன் பேராசிரியர்' எனப்படும் சமஸ்கிருதப் பேராசிரியர் ஆனார். பைபிளைச் சமஸ்கிருதத்தில் பெயர்த்து இந்தியர்களை மதம் மாற்ற உதவ வேண்டும் என்று கர்னல் போடன் எழுதிவைத்த சொத்தில் உருவான பதவி அது. அந்தப் பதவிக்கு நடந்த தேர்தலில் மாக்ஸ் முல்லரை 833-க்கு 610 வாக்குகள் என்று தோற்கடித்தார். போடனின் நோக்கத்தை அகராதியின் முன்னுரையிலேயே வெளிப்படையாக எழுதியும் இருக்கிறார்.

ஆனால் உள்ளே இருக்கும் சொற்களுக்கு அடித்தளம் வேறு. போட்லிங்கும் ரோத்தும் தொகுத்து ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்த ஏழு தொகுதி சமஸ்கிருத-ஜெர்மன் அகராதிதான் அது. உரிய நன்றி சொல்லாமல் அதிலிருந்து எடுத்தார் என்ற குற்றச்சாட்டே அவர்மேல் எழுந்தது. அவர் பெயருக்கு அது இழுக்கு, உங்களுக்கோ லாபம். மூலநூல்களை வரிவரியாகப் படித்துச் சேர்த்த சொற்கள் அவை. கையில் இருப்பது 1899 பதிப்புதானா என்று மட்டும் பாருங்கள். சொல் எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பு 1872 பதிப்பில் அநேகமாகக் கிடையாது. லாய்மன், காப்பெல்லர் என்ற அறிஞர்களின் துணையோடு விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு, அவர் இறந்த அதே 1899-இல் வெளிவந்தது.

நண்பர் உங்களை எச்சரித்திருக்க வேண்டியது வேறொன்றைப் பற்றி. பொருளுக்குப் பக்கத்தில் 'எல்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து நின்றால், அந்தப் பொருள் பழைய நிகண்டுகளில் மட்டும் இருக்கிறது, இலக்கிய ஆட்சி கிடைக்கவில்லை என்று அர்த்தம். 'ஹரி' என்ற சொல்லைப் பாருங்கள்: குதிரை, குரங்கு, சிங்கம், மயில் என்று நீளும். அவற்றில் சிலவற்றை அந்த எழுத்து ஒட்டியிருக்கும். சுலோகத்துக்கு உரை காணும்போது அவற்றைக் கடைசியாக எடுங்கள்.

சரி, சொல் ஏன் அகப்படவில்லை? முதலில் சந்தியைப் பிரியுங்கள், பிறகு வேற்றுமை உருபை நீக்குங்கள். 'ராஜா' என்று தேடக்கூடாது, 'ராஜன்'. 'பிதா' அல்ல, 'பித்ரு'. 'அனுகச்சதி' வந்தால் வேர் 'கம்'. ஆப்தேயில் 'கம்' என்பதன் கீழேயே இருக்கும், மோனியர் வில்லியம்ஸில் 'அனு' வரிசையில் 'அனு-கம்' என்று இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் தவிக்கிறார்கள். கூட்டுச்சொல் முதல் உறுப்பின் கீழ்: 'தேவாலய' வேண்டுமென்றால் 'தேவ'வைத் திறந்து, மெய்யெழுத்தில் தொடங்கும் கூட்டுகள் எல்லாம் முடிந்த பிறகு பாருங்கள்.

அப்புறம் அனுஸ்வாரம், அதாவது எழுத்தின்மேல் புள்ளியாக இடும் மூக்கொலி. 'ஸம்ஸ்கார' என்பது 'ஸகல'வுக்கு முன்னாலேயே வந்துவிடும். 'ஸங்கல்ப' பின்னால் வரும். ஸ, ஷ, ஹ போன்றவற்றுக்கு முன் நிற்கும் அனுஸ்வாரத்துக்கு வரிசையில் முதலிடம். க, ச, த போன்ற வல்லெழுத்துக்கு முன் நின்றால் அந்த இன மெல்லெழுத்தின் இடம்.

பொடி எழுத்து கண்ணை உறுத்தினால், கொலோன் பல்கலைக்கழகம் முழு அகராதியையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆப்தேயின் மேற்கோள்கள் காவியம் படிப்பவருக்கு மிக உதவும். ரகுவம்சம் தொடங்கும்போது அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.