பால் குடித்தால் வயிறு உப்புகிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சின்ன வயதில் டம்ளர் டம்ளராகப் பால் குடித்தவள். இப்போது ஒரு டம்ளர் குடித்தாலே வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. 'உனக்குப் பால் அலர்ஜி, தயிரைக்கூடத் தொடாதே' என்கிறார்கள் தோழிகள். எல்லாவற்றையும் விட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வது அலர்ஜி மாதிரித் தெரியவில்லை. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது, அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் இருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற வயதில் அது தாராளமாக இருக்கும், வளர வளரக் குறைந்துகொண்டே போகும். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இப்படித்தான், இதை ஒரு வியாதி என்று நினைக்க வேண்டியதில்லை. சிறுகுடலில் செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன, கூடவே குடலுக்குள் தண்ணீரும் சேர்கிறது, அதுதான் அந்தச் சத்தமும் ஓட்டமும்.

இதில் அளவுதான் முக்கியம். 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பலர் ஒரே தடவையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். உங்களுக்கு ஒரு டம்ளரே அதிகம் என்றால் அரை டம்ளராக, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துப் பாருங்கள். தயிரை ஏன் விட வேண்டும்? அதிலுள்ள பாக்டீரியாக்களே லாக்டோஸைக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன, மிச்சத்தை உங்கள் குடலுக்குள் வந்தும் உடைத்துக் கொடுக்கின்றன. நாள்பட்ட கெட்டி சீஸில் லாக்டோஸ் அநேகமாக இல்லவே இல்லை. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் கால்சியமும் புரதமும் அப்படியேதான் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் மூச்சில் ஹைட்ரஜன் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. எடை குறைவது, மலத்தில் ரத்தம் போவது, இப்படி ஏதாவது சேர்ந்திருந்தால் மட்டும் பாலைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்.

அலர்ஜி என்பது வேறு விஷயம். அது பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது, ஏனென்றால் புரதம் அதில் முழுசாக இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது. சாப்பாடு வேண்டாம் என்கிறான், ஆனால் நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடித்துவிடுவான். சத்துதானே என்று விட்டுவிட்டேன். இப்போது ரத்தசோகை என்று டாக்டர் சொல்கிறார். பால் குடிக்கிற பிள்ளைக்கு எப்படி?

பதில்: பாலால்தான் அம்மா. உங்களைக் குறை சொல்லவில்லை, இது நிறைய வீடுகளில் நடக்கிறது. இந்த வயதில் நாளைக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், ஒரு லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்குப் பாலின் கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் குறைக்கின்றன. வயிறு பாலாலேயே நிறைந்துவிடுவதால் பசியும் எடுக்காது, அவன் சாப்பாட்டைத் தள்ளுவதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவாருங்கள், பாட்டிலை நிறுத்திக் கப்பில் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் பால் வேண்டாம். இரண்டு மூன்று நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் இரும்பு சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பாலோடு கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கோ, தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்கவே கூடாது. அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிலுள்ள புரதமும் உப்பும் அதிகப்படியான சுமை, குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் வரலாம்.

கேள்வி: சளி பிடித்தால் பால் கூடாதா?

பதில்: குடிக்கலாம். பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்சம் கெட்டியாகப் படிவதால் சளி கூடியது போலத் தோன்றுகிறது, உண்மையில் சளி கூடுவதில்லை. உங்களுக்கு அந்த உணர்வு பிடிக்கவில்லையென்றால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. பால் எலும்பை அரிக்கும் என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். உண்மையா?

பதில்: அந்த வீடியோ எதை வைத்துச் சொல்லியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2014-ல் ஸ்வீடனில் 60,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் கவனித்து ஒரு ஆய்வு வந்தது. நாளைக்கு மூன்று டம்ளரோ அதற்கு மேலோ பால் குடித்தவர்களிடம் எலும்பு முறிவும் மரணமும் அதிகமாக இருந்தன. ஆனால் அது கவனித்துச் சொன்னது மட்டுமே, எலும்பு பலவீனம் என்று தெரிந்தவர்களே பாலை அதிகம் குடித்திருக்கலாம். ஆய்வு செய்தவர்களே இதை எச்சரிக்கையோடு படிக்கச் சொன்னார்கள்.

அப்புறம் 2021-ல் ஆஸ்திரேலியாவில் சோதனையே செய்து பார்த்தார்கள். 60 முதியோர் இல்லங்கள், 7,000-க்கும் மேற்பட்டவர்கள், சராசரி வயது 86. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸைக் கூட்டிக் கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கமான சாப்பாடுதான். இரண்டு வருடத்தில் கூட்டிக் கொடுத்த இடங்களில் எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன, கீழே விழுவதும் 11 சதவீதம் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே கால்சியமும் புரதமும் போதாமல் சாப்பிட்டு வந்தவர்கள், அதனால் நிறையச் சாப்பிடுகிற 40 வயதுக்காரருக்கு இதே பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் அப்பா மாதிரி வயதானவருக்கு இது நன்றாகவே பொருந்தும். தயவுசெய்து அந்த டம்ளரை அவர் கையில் திரும்பக் கொடுங்கள்.

கேள்வி: பால் புற்றுநோயை வரவழைக்குமா?

பதில்: பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பால் பொருட்கள் குறைக்கின்றன என்பதற்கு ஓரளவு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தொடர்பு இருக்கலாம் என்பதற்குக் கிடைத்திருப்பது அரைகுறை ஆதாரம்தான். நான் அதிகம் கவலைப்படுவது வெண்ணெயைப் பற்றி. அதில் 80 சதவீதம் கொழுப்பு, அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். பாலையும் தயிரையும் வெண்ணெயோடு ஒரே தட்டில் வைத்து எடை போட வேண்டாம்.

கேள்வி: தைராய்டு மாத்திரையைப் பாலோடு விழுங்கலாமா?

பதில்: வேண்டாம். கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சேர விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள், பாலை நன்றாகத் தள்ளி வையுங்கள், கால்சியம் மாத்திரை என்றால் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் பால் ஆகாது.

கேள்வி: நான் ஐந்து மாத கர்ப்பிணி. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால்தான் சத்து என்கிறார் மாமியார். குடிக்கலாமா?

பதில்: குடிக்காதீர்கள். பச்சைப் பாலில் லிஸ்டீரியா, சால்மோனெல்லா, புரூசெல்லா, காசநோய்க் கிருமி எல்லாம் இருக்கலாம். லிஸ்டீரியா வந்தால் உங்களுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், ஆனால் கருவே கலையக்கூடும். பாஸ்சரைஸ் செய்யும்போது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே இந்தக் கிருமிகள் சாகின்றன, கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கின்றன, சில வைட்டமின்கள் மட்டும் கொஞ்சம் குறையும். பாஸ்சரைஸ் செய்யாத பாலில் செய்த மெத்தென்ற சீஸையும் பிரசவம் வரை தொடாதீர்கள். உங்கள் மாமியாரிடம் டாக்டரையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட அது எடுபடும்.